நான்கு நிமிடத்தில் ஐந்து அறிவிப்புகள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

வாக்குப்பதிவு முடிந்த இரவில் எக்ஸிட் போல் எனப்படும் கருத்துக்கணிப்பைத் தொலைக்காட்சிகள் கையாளும் விதத்தில் மேலோங்கி நிற்பது பொறுப்பா, அவசரமா என்பது இன்றைய தலைப்பு. அவசரமே என்று வாதிட வந்திருக்கிறோம். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கணிப்பு பொய்த்தால் அது கணித்தவரின் பிழை, சேனல் வெறும் தபால்காரர்தானே என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். உவமை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த தெருத் தபால்காரர் முந்திவிடுவாரோ என்று பயந்து, கடிதத்தை வழியிலேயே பிரித்துப் பாதியைப் படித்துவிட்டுத் தெருமுனையில் நின்று கூவுகிற தபால்காரரை நான் எங்கும் பார்த்ததில்லை.

அப்படிக் கூவிய ஓர் இரவை இந்த அவையின் முன் வைக்கிறேன். 2000ஆம் ஆண்டு நவம்பர் 7, அமெரிக்க அதிபர் தேர்தல். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, சிஎன்என், ஃபாக்ஸ் ஆகிய ஐந்து தொலைக்காட்சிகளும் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் சேர்ந்து, வோட்டர் நியூஸ் சர்வீஸ் என்ற பொது அமைப்பை நடத்திவந்தன. வாக்களித்து வெளியே வருபவரிடம் கேட்டுப் பெற்ற தகவலும், மாதிரிக்கு எடுத்த சாவடிகளின் வாக்கு எண்ணிக்கையும் அந்த அமைப்பிடமிருந்து எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்து சேரும். ஆறு பேர் கையிலும் இருந்தது ஒரே சீட்டுக்கட்டு என்பதை நடுவர் அவர்கள் மனதில் கொள்ள வேண்டும். என் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

அன்று ஒளிபரப்பின் தொடக்கத்தில் சிபிஎஸ் தொகுப்பாளர் டான் ராதர், தவறாகச் சொல்வதைவிடக் கடைசியாகச் சொல்வதையே விரும்புகிறோம் என்ற பொருளில் நேயர்களுக்கு உறுதி கொடுத்தார். கிழக்கு நேரப்படி இரவு 7.50 ஆவதற்குச் சில விநாடிகள் இருக்கும்போது, ஃபுளோரிடா மாநிலம் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆல் கோருக்கே என்று என்பிசி அறிவித்தது. ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் சிபிஎஸ் பின்தொடர்ந்தது. கால் மணி நேரத்துக்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஃபுளோரிடாவின் மேற்குக் கோடியோ வேறு நேர மண்டலத்தில் இருக்கிறது; முதல் அறிவிப்பு வந்தபோது அங்கே வாக்குப்பதிவு முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அதனால் எத்தனை பேர் வாக்களிக்காமல் திரும்பினார்கள் என்று அமெரிக்காவில் இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தக் கணக்கு எனக்குத் தேவையில்லை. 1980 அதிபர் தேர்தலில் ரீகன் வெற்றியை மேற்குக் கடற்கரையில் வாக்குப்பதிவு முடிவதற்குச் சில மணி நேரம் முன்பே அறிவித்து வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகு, ஒரு மாநிலத்தில் வாக்குப்பதிவு முடியும்வரை அதன் முடிவைச் சொல்ல மாட்டோம் என்று இந்த நிறுவனங்களே நாடாளுமன்றத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தன. கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்குக்கூட அவர்களிடம் பொறுமை இல்லை.

ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். தபால் வாக்குகளின் பங்கைக் குறைவாக மதிப்பிட்டது உட்படக் கணிப்பில் பிழைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் சூடுபட்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். இவர்கள் அதே இரவில் மறுபடியும் போனார்கள். அதிகாலை 2.16க்கு ஃபாக்ஸ், ஃபுளோரிடாவும் அதன்வழி அதிபர் பதவியும் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கு என்று அறிவித்தது. அங்கே யார் வென்றார் என்று முடிவெடுக்கும் குழுவுக்குத் தலைமை வகித்தவர் புஷ்ஷின் அத்தை மகன் என்பது உண்மைதான். அதில் சதி இருந்ததாக நான் சொல்லவில்லை. மற்ற சேனல்களில் அத்தை மகன் யாரும் இல்லை, ஆனாலும் 2.20க்குள் நால்வரும் அதையே சொல்லி முடித்துவிட்டார்கள்.

இந்த இரண்டாவது தவறு வாக்குச்சாவடி வாசலில் பிறந்ததல்ல, வாக்கு எண்ணிக்கையில் பிறந்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரிடாவின் வோலூசியா மாவட்டத்தில் ஒரு சாவடியில் கோருக்கு மைனஸ் 16,022 வாக்குகள் என்று பதிவாகியிருந்தது. எந்த ஊரிலும் யாரும் மைனஸ் வாக்கு வாங்கியதில்லை. யாராவது ஒருவர் தொலைபேசியை எடுத்துக் கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். தொலைக்காட்சியை நம்பிய கோர், புஷ்ஷைத் தொலைபேசியில் அழைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். நாஷ்வில் நகரில் மழையில் காத்திருந்த தொண்டர்களிடம் அதைச் சொல்லக் காரில் கிளம்பி, பாதி வழியில் நிலவரம் மாறியது தெரிந்து, மறுபடியும் அழைத்து, ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெற்றார். வழக்குகளெல்லாம் முடிந்து புஷ்ஷுக்குச் சாதகமாக உறுதியான வித்தியாசம் 537 வாக்குகள்.

எதிரணித் தலைவர் பிரிட்டனைக் காட்டினார். அங்கே இரவு சரியாகப் பத்து மணிக்கு ஒரே கணிப்பு. 2010இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்குச் சொன்ன 307 இடங்கள் அப்படியே பலித்தது என்றார். மிகச் சரி. ஆனால் 1992இல் பிபிசியும் ஐடிஎன் செய்தி நிறுவனமும் தனித்தனியே கணித்து, யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்று சொல்லி, அதே கட்சியின் ஜான் மேஜர் 21 இடப் பெரும்பான்மையுடன் வென்ற கதையை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். பின்னாளில் பிபிசியும் ஐடிவியும், அடுத்து ஸ்கை தொலைக்காட்சியும் சேர்ந்து ஒரே கணிப்புக்குப் பணம் கொடுத்தன. வாக்குப்பதிவு முடியும் முன் வெளியிடுவது அங்கே குற்றம். ஆகவே மூவரும் ஒரே மணியோசைக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள், முந்துவதற்கு ஒன்றுமில்லை. நல்ல உதாரணம் தேடிப் போன எதிரணிக்கு, முந்தும் வாய்ப்பையே எடுத்துவிட்ட நாடுதான் கிடைத்திருக்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறதே என்பார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு எப்போது சொல்லலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை அது தொடுவதில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் ஜூன் 1ஆம் தேதி மாலை 6.30க்குத் தடை விலகியது. தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 வரை என்றது ஒரு கணிப்பு. நாற்பது தொகுதி இடைவெளி என்பது கணித்தவரே ஒப்புக்கொள்கிற தயக்கம். அரங்கில் அந்தத் தயக்கம் காணாமல் போய், நானூறு வருமா வராதா என்பதே இரவு முழுவதும் விவாதமானது. ஜூன் 3ஆம் தேதி சென்செக்ஸ் 2,500 புள்ளிகள் ஏறியது. மறுநாள், வாக்குகள் எண்ணப்பட்டபோது, 4,300 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. கூட்டணிக்குக் கிடைத்தது 293. அன்று கணிப்பு நிறுவனத் தலைவர் ஒருவர் நேரலையில் கண்ணீர் விட்டார், அதையும் ஒளிபரப்பினார்கள். அந்த எண்ணை இரவெல்லாம் முழங்கிய தொகுப்பாளர்களோ பக்கத்தில் இருந்து அவருக்கு ஆறுதல் சொன்னார்கள்.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒரே ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். ஃபுளோரிடாவில் முன்னிரவில் மற்றவர்களோடு சேர்ந்து தவறிய அசோசியேட்டட் பிரஸ், அதிகாலையில் ஐந்து தொலைக்காட்சிகளும் புஷ் வென்றார் என்று சொன்ன பிறகும், அதே தரவைக் கையில் வைத்துக்கொண்டு, வித்தியாசம் சுருங்குவதைப் பார்த்து, அறிவிக்க மறுத்துவிட்டது. தபால்காரர் மேல் பழியில்லை என்றால், ஒரே கடிதம் வந்த ஆறு பேரில் அந்த ஒருவரால் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்தது எப்படி?