வீட்டில் இருப்பவர்களின் பகலைப் பார்த்து வீடு தேடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்களே, தங்கையே, பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பெங்களூருத் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பின்னால் வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வேறு மாநிலத்துக்குக் குடும்பத்தோடு குடிபோகும்போது வீடு பார்க்க வேண்டியது வேலைக்குப் பக்கத்திலா, வீட்டில் இருப்பவர்களின் தேவைக்குப் பக்கத்திலா? நான் இரண்டாவது அணி. வேடிக்கைக்காக இந்த அணியில் பேச வரவில்லை, நடுவர் அவர்களே. 2018 ஜூன் மாதம் திருச்சியில் இருந்து லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள் நான். எதிரணி இப்போது சொல்லும் அதே கணக்கைப் போட்டுத்தான் அன்று வீடு பிடித்தோம்.

எதிரணித் தலைவர் அண்ணன் கணக்கை அழகாகச் சொன்னார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், மாதம் 22 வேலை நாள் என்றால் 44 மணி நேரம் ரோட்டிலேயே போகிறது, ஆபீஸ் பக்கத்தில் வீடு பார்த்தால் அந்த நேரம் குடும்பத்துக்குத்தானே கிடைக்கும் என்றார். கணக்கு சரி. சில்க் போர்டு சிக்னலில் நின்றவர் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். நான் கேட்பது ஒன்றுதான். அந்த 44 மணி நேரம் ஒருவருடையது. அதே மாதத்தில் வீட்டில் இருக்கும் மற்றவர்களின் பகல் எத்தனை மணி நேரம்? அதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

வேலைக்குப் போகிறவருக்குப் புது மாநிலம் அவ்வளவு புதுசு இல்லை, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆபீஸில் இங்கிலீஷ், கேன்டீனில் சாப்பாடு, பக்கத்து சீட்டில் ஒரு கோயம்புத்தூர்காரர், முதல் நாளே கழுத்தில் ஐடி கார்டு. அவருக்கான உலகம் அங்கே தயாராக இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படி ஒன்றும் தயாராக இல்லை. கடைக்காரர் யார், டாக்டர் யார், பள்ளிக்கூட வேன் எங்கே நிற்கும், தண்ணீர் எப்போது வரும், கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது, எல்லாவற்றையும் பூஜ்யத்தில் இருந்து தேட வேண்டும், அதுவும் தெரியாத மொழியில். அப்போது வீடு யாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், சொல்லுங்கள்.

எங்கள் முதல் வீடு அவுட்டர் ரிங் ரோட்டுக்குப் பக்கத்தில், பதினான்காவது மாடி. கணவர் பத்து நிமிடத்தில் ஆபீஸ் போய்விடுவார். மகன் நாலாம் வகுப்பு. கூடவே என் மாமியார். ஜன்னலைத் திறந்தால் பாதி கட்டி நிற்கும் கட்டிடங்கள்தான் தெரியும். கீழே இறங்கினால் நடைபாதை கிடையாது, நேராக ரோடுதான். திருச்சியில் தினம் சாயங்காலம் உறையூர்த் தெருவில் நாலு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருபவர் என் மாமியார். இங்கே வந்த மூன்றாம் வாரம் ஒருநாள் நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், லிஃப்ட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன அத்தை இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றேன். "யாராவது ஏறி இறங்குவாங்கல்ல, முகத்தையாவது பார்க்கலாம்னு" என்றார். அந்த நாற்காலி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பத்து நிமிடப் பயணத்துக்கு நாங்கள் என்ன விலை கொடுத்தோம் என்று தோன்றும்.

தண்ணீருக்கு வருகிறேன். எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள், ஒருவர்கூடத் தண்ணீரைத் தொடவில்லை. பெங்களூருக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் காவிரியில் எடுத்து, மேட்டுக்குப் பம்ப் செய்து கொண்டு வருகிறார்கள். 2007-இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்கள் இருக்கின்றனவே, புது ஐடி கம்பெனிகளும் புது அபார்ட்மென்ட்களும் நிறைய எழும்பியிருப்பது அந்தப் பகுதிகளில்தான், அங்கே காவிரிக் குழாய் போய்ச் சேர வெகுகாலம் பிடித்தது. அதற்கென்றே போட்ட ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. அதே வருடம் மார்ச்சில் போர்வெல் வற்றி இந்த ஊர் பட்ட பாட்டை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? சரி, டேங்கர் லாரிக்குக் காத்திருந்தது யார்? ஆபீஸில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. பாத்திரத்தைப் போட்டுவைத்துவிட்டு வாட்ச்மேனுக்கு நாலு தடவை போன் செய்து லாரி வந்ததா என்று கேட்டது வீட்டில் இருந்தவர்கள். அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், வீட்டு புரோக்கரிடம் ஆபீஸ் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதற்கு முன்னால் "காவேரி நீரு பருத்தா?", அதாவது காவிரித் தண்ணீர் வருமா என்று கேளுங்கள். கன்னடத்தில் முதலில் கற்க வேண்டிய வாக்கியம் அதுதான்.

அப்புறம் அந்தத் தங்கை, இப்போது எல்லாமே போனில் வந்துவிடுகிறதே, பக்கத்தில் கடை எதற்கு என்று கேட்டாங்க. கொத்தமல்லி வரும்மா, மறுக்கவில்லை. என் மாமியாருக்கு அந்தச் செயலியைத் திறக்கத் தெரியாது, வாசலில் பையை வைத்துவிட்டுப் போகும் பையனுக்கு நின்று பேச நேரமும் இல்லை.

இனி எதிரணியின் அஸ்திவாரத்துக்கு வருகிறேன். வேலைக்குப் பக்கத்தில் வீடு என்கிறார்களே, வேலை அங்கேயே இருக்குமா? நாங்கள் குடிவந்து எட்டாவது மாதம், 2019 பிப்ரவரியில், கணவரின் டீம் முழுவதையும் ஒயிட்ஃபீல்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். எந்த ஆபீஸுக்காக அந்த மாடியைத் தேடிப் பிடித்தோமோ அந்த ஆபீஸ் போய்விட்டது, நாங்கள் மட்டும் அங்கே இருந்தோம். 24,000 ரூபாய் வாடகை, அன்றைய ஊர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், 2,40,000. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டு ஓனர் மீதியைத் திருப்பித் தந்தார். சரி, அது எங்கள் கதை, எல்லோருக்கும் அப்படி நடக்காது என்று அண்ணன் சொல்லலாம். 2020 மார்ச்சில் நடந்தது எல்லோருக்கும் நடந்ததுதானே? ஊரே அடைத்தபோது ஐடி ஆபீஸ்கள் மொத்தமும் வீட்டுக்கு வந்துவிட்டன, பல கம்பெனிகள் வருடக்கணக்கில் ஆளைக் கூப்பிடவில்லை. ஆபீஸ் பக்கத்தில் இருந்ததால் அந்த நாளில் யாருக்கு என்ன கிடைத்தது? தெருமுனையில் மெடிக்கல் ஷாப் இருந்ததா, நந்தினி பால் பூத் நடக்கிற தூரத்தில் இருந்ததா, காய்ச்சல் என்றால் எட்டிப் பார்க்க ஒரு மனிதர் இருந்தாரா, இதுதான் கேள்வியாக இருந்தது.

அந்த நேரத்தில் நாங்கள் அல்சூருக்கு மாறியிருந்தோம். முதல் மாடி, பழைய வீடு, படி கொஞ்சம் உயரம். மகனின் பள்ளி நடந்து போகும் தூரம். அல்சூர், காக்ஸ் டவுன், சிவாஜி நகர் எல்லாம் 1809-இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் கன்டோன்மென்ட் வந்த பிறகு தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதிகள். ஏரிக்கரை ஓரம் 1950-இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம், பக்கத்திலேயே 2009-இல் திறந்த திருவள்ளுவர் சிலை, கொஞ்சம் தள்ளி சோமேஸ்வரர் கோயில். உடனே எதிரணி கேட்கும், புது மாநிலத்துக்கு வந்தும் தமிழர்களுக்கு நடுவிலேயே முடங்கிக் கிடக்கத்தானே இது என்று. இல்லை. எங்கள் வீட்டில் கன்னடம் நுழைந்ததே அல்சூருக்கு வந்த பிறகுதான்.

இங்கே 2015-இல் கொண்டுவந்த சட்டப்படி எந்தப் பாடத்திட்டப் பள்ளியாக இருந்தாலும் கன்னடம் ஒரு பாடம். நாலாம் வகுப்பில் நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. நமக்கு ஒரே ஒரு க, அவர்களுக்கு நாலு. பதினான்காவது மாடியில் இருந்தபோது நோட்டை வைத்துக்கொண்டு அழுவான், எனக்கும் தெரியாது, நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அல்சூரில் கீழ்வீட்டு அஜ்ஜி, அதாவது பாட்டி, ரிட்டையர் ஆன கன்னட டீச்சர், அவனைச் சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருக்குத் தமிழும் தெரியும், அது பெரிய உதவி. ஒரு நாள் ஓடி வந்தான். "அம்மா, நம்ம ப-வை எடுத்துட்டு ஹ போட்டா கன்னடம் வந்துடுதும்மா! பால் ஹாலு, பூ ஹூவு, புலி ஹுலி, பத்து ஹத்து!" அன்று ராத்திரி முழுக்க வீட்டில் இருக்கும் ஒவ்வொரு ப-வையும் ஹ-வாக மாற்றிக்கொண்டே இருந்தான், பாட்டிக்கும் சொல்லிக் கொடுத்தான். இப்போது பதினோராம் வகுப்பு. ஆட்டோக்காரரிடம் எங்களுக்காகப் பேசுவது அவன்தான்.

என் கணவர் பட்ட கஷ்டத்தை மறைத்துவிட்டுப் பேச மாட்டேன், அது நியாயம் இல்லை. அல்சூரில் மெட்ரோ ஏறி பையப்பனஹள்ளியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ஒயிட்ஃபீல்டு, ஒன்றரை மணி நேரம் ஒரு வழிக்கு. முகம் வாடித்தான் வீட்டுக்கு வருவார். ஊரடங்கு வரும்வரை அப்படித்தான் போனது, ஆபீஸ் திறந்த பிறகும் அப்படித்தான். 2023 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர். புரத்துக்கும் நடுவில் விட்டுப்போயிருந்த இரண்டு கிலோமீட்டர் சொச்சத்தை இணைத்ததும் ஒரே வண்டியில் நேராகப் போகிறார். எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் 2025 ஆகஸ்டில் மஞ்சள் பாதை வந்துவிட்டது, ஆர்.வி. ரோடில் இருந்து பொம்மசந்திரா வரை. ரோட்டில் தொலையும் நேரத்தைக் குறைக்கப் பாதை போடலாம், அதற்கு அரசாங்கம் இருக்கிறது. கீழ்வீட்டு அஜ்ஜியை எந்த அரசாங்கம் கொண்டுவந்து வைக்கும், நடுவர் அவர்களே?

சம்பளம்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம், அதனால் வேலைக்குத்தான் முதலிடம் என்று ஒரு அண்ணன் பேசினார். வேலைக்காகத்தான் மாநிலமே மாறி வந்திருக்கிறோம் அண்ணா. சொந்தபந்தத்தை, பிள்ளையின் நண்பர்களை, அம்மாவின் திண்ணையை விட்டுவிட்டு வந்தது அந்த வேலைக்காகத்தான். முதலிடத்தை அப்போதே கொடுத்தாகிவிட்டது. வந்த பிறகு எந்தத் தெருவில் குடியிருப்பது என்பதையாவது கூட வந்தவர்களுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம்.

இந்த அரங்கில் அடுத்த மாதம் பூனாவுக்கோ ஹைதராபாதுக்கோ மாற்றல் ஆகிப் போகப்போகிறவர்கள் இருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை போய் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு, அந்த வீட்டில் இருக்கப்போகும் அம்மாவையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் வருகிறதா என்று அவர்களையே குழாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கு எப்படிப் போவது என்று பிள்ளையோடு நடந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அந்த நேரத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.

என் மாமியார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வருகிற வழியில் பூக்காரம்மாவிடம் "ஊட்டா ஆய்தா?", சாப்பாடு ஆச்சா என்று கன்னடத்தில் விசாரித்துவிட்டுத்தான் வந்தார், அதனால்தான் எங்களுக்குப் பத்து நிமிடம் தாமதம். பொறுத்துக்கொண்டதற்கு நன்றி, நடுவர் அவர்களே. வணக்கம்.