அக்கோடியன் இசைத்தட்டு: கழுவ முதல் எழுதுங்கோ

வணக்கம். இண்டைக்கு மேசையில கிடக்கிறது நிமிசத்துக்கு 78 தரம் சுத்துற பழைய பத்து அங்குல இசைத்தட்டுகள், '78' எண்டு சொல்லுறது. எல்லாம் அக்கோடியன் வாசிப்பு. தூசைப் பாத்த உடன கழுவத்தான் கை போகும். பொறுங்கோ, முதல் கொப்பியை எடுங்கோ.

டோர்ச்சைச் சரிச்சுப் பிடிக்கிறன், கிட்ட வந்து பாருங்கோ. லேபலுக்கும் கடைசி வரிக்கும் (ஊசி ஓடுற பள்ளத்தைத்தான் வரி எண்டுறன்) இடையில ஒரு வெறுங் கறுப்பு வளையம். அதில எண் கீறிக் கிடக்கு, தெரியுதோ? அதுதான் மேட்ரிக்ஸ் இலக்கம். லேபலில அச்சடிச்ச இலக்கம் விக்கிறதுக்கு, இது ஒலிப்பதிவுக்கு. ஒரே பதிவை வேற வேற லேபலில விட்டாலும் இந்த இலக்கம் காட்டிக் குடுத்திடும். ரண்டு பக்கமும் ரண்டு பதிவு, அதால கொப்பியில ரண்டு வரி. விக்டர் கொம்பனித் தட்டெண்டால் அந்த வளையத்திலயே முட்டை வட்டத்துக்குள்ள வீ, ஈ எண்ட எழுத்து கிடக்கோ எண்டும் பாருங்கோ. கிடந்தால் மைக் வைச்சுப் பதிஞ்ச மின்முறைப் பதிவு, 1925 இல இருந்து வந்தது.

பெயரை லேபலில உள்ளபடியே எழுதுங்கோ. அக்கோடியன் வாசிச்ச டெய்ரோ சகோதரர்களை எடுங்கோ. தமையன் குய்தோ கொலம்பியா கொம்பனியில, தம்பி பியெத்ரோ விக்டரில, அதுவும் வெறும் 'பியெத்ரோ' எண்டு. 'டெய்ரோ' எண்டு மட்டும் எழுதி வைச்சால் ரண்டு பேரும் ஒராளாயிடுவினம். முழுப் பெயருக்கு வேற பத்தி. வெடிப்பு, கீறல், விளிம்பு உடைஞ்சது எல்லாத்தையும் இப்பவே குறியுங்கோ. தட்டிலயோ லேபலிலயோ ஒண்டும் ஒட்டாதேங்கோ, உறையில பென்சிலால எழுதினால் போதும்.

இனிக் கழுவல். இது அரக்கு. ஸ்பிரிட் பட்டால் கரைஞ்சு வரி மழுங்கிடும், பிறகு திருப்பேலாது. வைனில் எண்ட பிளாஸ்டிக் தட்டுக்குத்தான் ஸ்பிரிட் கலந்த திரவம். 78 எண்டால் அரக்கு, வைனிலெண்டால் 33 சுத்து எல்பி எண்டு நினையாதேங்கோ, வைனிலிலயும் 78 இருக்கு. தூக்கிப் பாருங்கோ: அரக்கு பாரம், கையில விறைப்பா இருக்கும்.

எங்கட கிணத்துத் தண்ணி வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக்கல்லுக்கால வாற தண்ணி, கேத்தில் அடியில படியிற அந்த வெள்ளைக் கறை தட்டின்ர வரிக்குள்ளயும் படியும். பற்றரிக்கு விடுற டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கோ, அசிட் போத்தில் வேற, மாறி எடுத்திடாதேங்கோ. ஒரு லீற்றருக்கு மணமும் நிறமும் இல்லாத பாத்திரம் கழுவுற திரவம் ரண்டு மூண்டு துளி. சுடுதண்ணி விட்டால் தட்டு கோணும். லேபலை ஒரு மூடியால மூடிக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால வரி போற வட்டத்திலயே தேயுங்கோ, குறுக்கால வேண்டாம். ஊற வைக்காதேங்கோ, வெடிப்புக்கால தண்ணி உள்ள போயிடும். வெறும் டிஸ்டில்ட் வாட்டரால ரண்டு தரம் அலசி, கோப்பைத் தட்டில நிமிர்த்தி நிழலில காய விடுங்கோ. பூஞ்சணம் பிடிச்சதெண்டால் முதல் வெளியில வைச்சு, மாஸ்க் போட்டுக்கொண்டு துடைக்க வேணும்.

ஊசி 3 மில், அதாவது அங்குலத்தில ஆயிரத்தில மூண்டு. எல்பி ஊசி வரியின்ர அடியில விழுந்து குப்பையைத்தான் உரசும். பழைய கிராமபோனில போட்டுப் பாக்கிற ஆசையை விடுங்கோ, அந்தத் தலை 100 கிராமுக்கு மேல அமத்தும்.

வேகம் பாக்க ஸ்ட்ரோப் தட்டு, சுத்தேக்க வெளிச்சத்தில கோடு அசையாமல் நிண்டால் வேகம் சரி. எங்கட மின்சாரம் 50 ஹேட்ஸ், அதால 77 கோடு போட்டது வேணும். எல்ஈடி வெளிச்சம் கனக்க இதுக்குச் சரிவராது, பழைய குண்டு பல்ப்பைப் பிடியுங்கோ. ஆனால் பழைய தட்டெல்லாம் சரியா 78 இல பதிஞ்சதில்லை. 80 இல பதிஞ்சதை 78 இல ஓட்டினால் சுருதி அரைச் சுரத்தில பாதிக்குக் கிட்டக் கீழ போயிடும். நல்ல காலம், அக்கோடியனுக்குள்ள காத்தில அதிர்ற உலோக நாக்கு வாசிக்கேக்க சுருதி மாறாது. சுரம் ரண்டு கட்டைக்கு நடுவில நிண்டால் பிழை வேகத்தில.

இதில கனபேர் ஏமாறுற இடம் ஒண்டிருக்கு. அக்கோடியன் ஒலியே ஆடும், ஏனெண்டால் ஒரே சுரத்துக்கு ரண்டு நாக்கைக் கொஞ்சம் விலத்திச் சுருதி கூட்டியிருப்பினம். தட்டின்ர ஓட்டை நடுவில இல்லாட்டிலும் ஒலி ஆடும். எப்பிடிப் பிரிக்கிறது? தட்டின்ர ஆட்டம் ஒரு சுத்துக்கு ஒருக்கா, செக்கனுக்கு 1.3 தரம், எந்தச் சுரத்திலயும் அதே கணக்கு. நாக்கின்ர ஆட்டம் சுரம் மேல போகப் போகக் கெதியாகும். இதைக் கேட்டுப் பிரிக்காமல் மென்பொருளால ஆட்டத்தை நிப்பாட்டினால் வாத்தியத்தின்ர உயிரே போயிடும். அதால 24 பிட், 96 கிலோஹேட்ஸ் வேவ் கோப்பாப் பதிஞ்சு, அதில கை வைக்காமல் வைச்சிருங்கோ. இரைச்சல் எடுக்கிறதெல்லாம் நகலில.

வைக்கிறது நிமிர்த்தித்தான், பத்து அங்குலத்தோட பத்து அங்குலம். சாய்ஞ்சு நிண்டால் வளையும். நூறு தட்டு 20 கிலோவுக்கு மேல வரும், மெல்லிய பலகைத் தட்டு தாங்காது. கறையானுக்காக இரும்பு றாக்கை, சுவரில முட்டாமல். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பொலித்தீனால சுத்தாதேங்கோ, ஈரம் உள்ளயே நிண்டிடும். பூச்சிக்கெண்டு போடுற பச்சை வேப்பிலையும் ஈரம்தான். அமிலமில்லாத காகித உறை, பெட்டிக்குள்ள ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் மணி. நீல மணி றோசாவானால் சூடாக்கி உலர்த்தித் திருப்பிப் போடுங்கோ.