ரேஷன் கார்டும் அரசியலமைப்பும்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் ரேஷன் ஸ்மார்ட் கார்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்பம்), பிஎச்ஏஏ (மிக ஏழைகளுக்கான அந்தியோதயா), என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்பது போல ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும். தமிழ்நாட்டில் இந்த மூன்றுக்குமே அரிசிக்குக் காசு கிடையாது. ஆனால் பிஎச்எச் கார்டுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ, பிஎச்ஏஏ கார்டுக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ என்பது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. என்பிஎச்எச் கார்டுக்குக் கிடைப்பது மாநில அரசின் திட்டம். நல்ல திட்டம்தான், ஆனால் அரசு மனம் மாறினால் நிறுத்திவிடலாம்.

அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு, மக்களின் ஊட்டச்சத்தை உயர்த்துவது அரசின் கடமை என்கிறது. 37ஆவது பிரிவோ, அதை வைத்து நீதிமன்றத்தில் கேட்க முடியாது என்று கதவைச் சாத்துகிறது. 2001இல் அரசுக் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடந்தது. ராஜஸ்தானில் வறட்சியில் மக்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியுசிஎல்) என்ற மனித உரிமை அமைப்பு 21ஆவது பிரிவை, அதாவது உயிர்வாழும் உரிமையைப் பிடித்துக்கொண்டுதான் உச்ச நீதிமன்றம் போனது. அவ்வாண்டு நவம்பர் 28இல் வந்த இடைக்கால உத்தரவு அளந்து பேசியது: பள்ளியில் சமைத்த சாப்பாடு, குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள். அளவு இருந்தால்தான் குறைந்ததை நிரூபிக்க முடியும்.

தென்னாப்பிரிக்காவில் உணவும் தண்ணீரும் அரசியலமைப்பிலேயே உரிமை. ஜோகன்னஸ்பர்க் நகரத்துச் சொவேட்டோவின் ஃபிரி பகுதி மக்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் தண்ணீர் கேட்டு நீதிமன்றம் போனார்கள். அளவை நிர்ணயிப்பது தன் வேலையில்லை என்று 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன்: உரிமை அரசியலமைப்பில் இருக்கட்டும், கிலோவும் லிட்டரும் சட்டத்தில் இருக்கட்டும். சட்டம் மட்டும் இருந்தாலும் போதாது. நம் உணவுச் சட்டம் 2011 மக்கள்தொகைக் கணக்கிலேயே நின்றுவிட்டதால், எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

வேலை செய்து தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்று கடையில் திருப்பி அனுப்பினால், பிஎச்எச் கார்டுக்காரர் மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் தேதி, கார்டு எண், கிடைக்காத அளவு எல்லாம் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். அங்கே தீராவிட்டால் மாநில உணவு ஆணையம். குறைதீர் அலுவலர் சொன்ன நிவாரணத்தைத் தக்க காரணமின்றித் தராத அரசு ஊழியருக்கு ஆணையம் 5,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். கடையில் இதே வரிசையில் அடுத்து நிற்கும் என்பிஎச்எச் கார்டுக்காரர் தன் அரிசிக்காக அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.