புண்ணின் மேல் நடக்காதீர்கள்

பெரியோர்களே, தாய்மார்களே,

சர்க்கரை நோயாளி ஒருவருக்கு உள்ளங்காலில் புண். ஆறு மாதமாகக் கட்டு மாற்றுகிறார், களிம்பு மாற்றுகிறார், புண் அப்படியே இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். எல்லோரும் கேட்பது, "என்ன மருந்து போடலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்தப் புண்ணின் மேல் அவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறாரா என்பது.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனால் புண் வலிக்காது. வலிக்காததால் அவர் நொண்டவும் மாட்டார். உடம்பின் பாரம் முழுக்க அதே இடத்தில் விழுந்து, முளைக்கும் புதுத் தசை முளைத்தபடியே நசுங்கும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால்களில் கண்டது இதைத்தான். சதை தானாக அழுகவில்லை, வலி தெரியாத கால் ஓய்வில்லாமல் அடிபட்டது. வரப்பு உடைந்த இடத்தில் தண்ணீரைத் திருப்பாமல் மண்ணை மட்டும் கொட்டினால் நிற்குமா?

ஆகவே முதல் சிகிச்சை பாரத்தை இறக்குவது. விரலிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை, காலோடு ஒட்டி அமையும் மாவுக்கட்டு அதற்காகத்தான். கழற்றக்கூடிய பூட்ஸ் போதாதா என்று கேட்பீர்கள். வீட்டுக்குள் நடக்கும்போது பெரும்பாலோர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்ற முடியாததே இங்கே மருந்து. முதல் கட்டைச் சில நாளிலேயே மாற்ற வேண்டும். வீக்கம் வடிந்து கட்டு தளர்ந்தால், அது உரசியே இன்னொரு புண் வரும். பிறகு வாரம் ஒருமுறை மாற்றினால் போதும்.

சீழ் பிடித்த காலிலும் ரத்த ஓட்டம் குன்றிய காலிலும் இப்படி மூடிக் கட்டக்கூடாது. கணுக்காலில் அளந்த ரத்த அழுத்தத்தை, கையில் அளந்த அழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள். 0.9க்குக் கீழே என்றால் தமனியில் அடைப்பு. 1.3க்கு மேலே என்றாலும் நிம்மதி வேண்டாம். சர்க்கரை நோயில் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி இறுகிவிடும், அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். அப்போது கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். அது 30 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இருந்தால், ரத்தநாள நிபுணரைப் பார்ப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடக்கூடாது.

அடுத்தது சுத்தம். புண்ணைச் சுற்றித் தடித்த தோலையும் செத்த சதையையும் பயிற்சி பெற்றவர் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். கிருமிகள் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். மாத்திரை அதற்குள் சரியாக எட்டாது, சீவினாலும் சில நாளில் மறுபடி படரும், எனவே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வீட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் ஊற்றாதீர்கள். நுரை பொங்குவது குணத்தின் அடையாளமல்ல, நல்ல செல்லும் சாகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி உப்பிட்டு, ஆறவைத்துக் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம்.

இவ்வளவும் ஆன பிறகுதான் புதிய முறைகளுக்கு வேலை. புண்ணில் நுரைப்பஞ்சு வைத்து, மேலே படலம் ஒட்டி, குழாய் வழியே 125 மில்லிமீட்டர் பாதரச அளவு உறிஞ்சும் கருவி, அறுவைசிகிச்சைக்குப் பிந்தைய ஆழமான குழிப்புண்ணில் நன்றாக உதவுகிறது. பஞ்சை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். செத்த சதை மேல் அதை வைத்தால் அழுகல்தான் மூடி மறைக்கப்படும். சுக்ரோஸ் ஆக்டாசல்பேட் என்ற மருந்து ஏற்றிய கட்டுத்துணியை உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் குறைந்த கால்களில் சோதித்து 2018இல் முடிவு வெளியானது. 20 வாரத்தில் 48 சதவீதம் ஆறின, சாதாரணக் கட்டில் 30 சதவீதம். நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து வெள்ளணு, தட்டணு, ஃபைப்ரின் என்ற உறைநார் சேர்த்துச் செய்யும் ஒட்டில் 34 சதவீதம், அது இல்லாமல் 22. ஆதாயம் உண்டு, அற்புதம் இல்லை. மாவுக்கட்டை விட்டுவிட்டு இவற்றுக்குப் பணம் கட்டுவது வீண்.

கணுக்காலின் உட்புறம், கருத்த தோலின் நடுவே வரும் புண் வேறு வகை. அது சுருள்சிரைப் புண். தமனி நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்தபின், கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வருமாறு இறுக்கக் கட்டுவதே அதற்கு மருந்து.

வாரந்தோறும் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி எழுதி வையுங்கள். இன்று 12 சதுர சென்டிமீட்டர் என்றால் நாலு வாரத்தில் 6 ஆக வேண்டும். ஆகாவிட்டால் அதே கட்டைத் தொடராதீர்கள். எலும்பில் கிருமியா, ரத்த ஓட்டமா, பாரமா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கான புண்ணின் விளிம்பு தடித்து எழும்பினால் சதைப் பரிசோதனை அவசியம், புற்றாக இருக்கலாம். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் கருத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆறிய சர்க்கரைப் புண்களில் ஏறக்குறைய 40 சதவீதம் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகின்றன. எனவே எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளும் போடுங்கள். போடும் முன் உள்ளே கையை விட்டுக் கல், ஆணி பாருங்கள். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் மரத்த காலோடு சுற்றாதீர்கள், கொப்புளம் வந்ததே தெரியாது. குறுவை நடவுக்குச் சேற்றில் இறங்கும் வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கரையேறியதும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, உள்ளங்காலை இன்னொருவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.