பழியெல்லாம் போனுக்கு

(சேலம் அம்மாப்பேட்டையில், ஆண்களுக்கான ஒரு மாலைக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பெயர் போடாமல் கேள்வி எழுதித் தரச் சொல்லியிருந்தோம். வந்த சீட்டுகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "செல்லில் அந்த மாதிரிப் படம் ரொம்ப நாளாகப் பார்க்கிறேன் டாக்டர். கல்யாணம் ஆனால் என்னால் முடியுமா?" ஒருவர் மட்டும், "ஆகிவிட்டது, முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார். சரி, அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விறைப்பு என்பது அடிப்படையில் ரத்த ஓட்டம். ஆசை வந்ததும் நரம்பு முனைகளில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும், ரத்தக் குழாய்கள் தளரும், ரத்தம் வந்து நிறையும். பயம் வந்தாலோ அட்ரினலின் கிளம்பி அதே குழாய்களை இறுக்கிவிடும். கட்டிலில் படுத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவன் மாதிரி "ஆகுமா, ஆகாதா" என்று தன்னையே கவனித்துக்கொண்டிருந்தால் ஆகாது. பாலுறவை ஆராய்ந்த அமெரிக்கர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970லேயே இதை விளக்கி எழுதிவிட்டார்கள். அப்போது ஸ்மார்ட்போன் ஏது?

கல்யாண மாப்பிள்ளை ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசப்ஷனில் மணிக்கணக்கில் நின்றிருக்கிறார். சரியான தூக்கம் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் இறங்கும்போதே தலை சுற்றுகிறது. போதாக்குறைக்கு நண்பர்கள் கையில் திணித்த பாட்டில் வேறு. அன்று ராத்திரி நடக்கவில்லை. மறுநாளும் அதே பயம், அதே கதை. ஊர் திரும்பியதும் நேரே என்னிடம் வருகிறார். "படம் பார்த்துப் பார்த்து நரம்பு செத்துப்போச்சு சார்." காலையில் தூங்கி எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் இருக்கு சார்" என்கிறார். அது இருந்தால் நரம்பும் குழாயும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம்.

அப்படியானால் படத்துக்குப் பங்கே இல்லையா? ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை. குரோஷியா, நார்வே, போர்ச்சுகல் இளைஞர்களை வைத்து 2015ல் வந்த ஆய்வில், பார்க்கும் அளவுக்கும் விறைப்புக் குறைவுக்கும் வலுவான தொடர்பு தென்படவில்லை. அடுத்த வருடமே அமெரிக்கக் கடற்படை மருத்துவர்கள் உள்ளிட்ட ஒரு குழு, படப் பழக்கத்தால் கோளாறு வந்ததாகச் சில நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. ஒரு சிலரின் கதை சந்தேகத்தைக் கிளப்பும், நிரூபணம் ஆகாது. 2019ல் கிரப்ஸ், கோலா இருவரும் செய்த ஆய்வுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதைவிட, "விட முடியாமல் மாட்டிக்கொண்டேன்" என்று தாங்களே சொல்கிறவர்களிடம்தான் விறைப்புப் பிரச்சினையும் சேர்ந்து தெரிந்தது. எது முதலில் வந்தது என்பதை அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மனைவியிடம் முடியாமல் போனவன் போனிடம் போவதும் உண்டுதானே?

மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. நைட் ஷிப்ட் தறி ஓட்டிவிட்டு வந்து தூங்காமல் ஒன்று மாற்றி ஒன்றாகத் தேடுவார். வேகமாக, கையை இறுக்கிப் பிடித்தே பழகியிருப்பார். மனைவியின் தொடுதல் அந்த வேகத்திலும் இறுக்கத்திலும் இருக்காது. இவர்களிடம் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள் என்று நானும் சொல்கிறேன். இத்தனை நாளில் சரியாகும் என்று தேதி மட்டும் குறித்துத் தர மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில், பாலியல் நடத்தையைக் கட்டுப்படுத்த முடியாமை ஒரு கோளாறாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் "பாவம் செய்கிறோமே" என்ற உறுத்தல் மட்டும் இருந்தால் அதை நோயாகக் கொள்ளக் கூடாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் எனக்கு அதிகம் தென்படுவது அந்த உறுத்தல்தான்.

எனக்குக் கோபம் வருவது நாற்பத்தைந்து வயதுக்காரர்கள் விஷயத்தில். வெள்ளிப் பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, பீடி, தொப்பை. அவரும் செல்போனைத்தான் குற்றம் சொல்கிறார். சுகர் பார்த்தால் முந்நூறைத் தாண்டியிருக்கும். ஆணுறுப்பின் ரத்தக் குழாய் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்துக்குப் போவது மூன்று, நான்கு மில்லிமீட்டர். அடைப்பு முதலில் சின்னக் குழாயில் தெரியும், மாரடைப்பு சில வருடம் கழித்து வரலாம். காலை விறைப்பும் காணாமல் போயிருந்தால் சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் "ஆண்மைக் குறைவா?" என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். பாலியல் சக்தியைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம். எந்தக் கழிப்பறையும் அந்தச் சட்டத்தைப் படித்ததாகத் தெரியவில்லை! விறைப்புக்கான சில்டெனாபில் (வயாகரா) மாத்திரையையும் கடையில் சும்மா வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதையும் போட்டால் ரத்த அழுத்தம் படாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம், டாக்டரிடம் வரும்போது மனைவியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வராதீர்கள். சில வாரத்துக்கு உறவு முயற்சியே வேண்டாம், தொடுதல் மட்டும் போதும் என்று ஒரு பயிற்சி கொடுப்போம். அது இரண்டு பேரும் சேர்ந்து செய்ய வேண்டியது. உங்களிடம் மட்டும் சொல்லி அனுப்பினால், வீட்டுக்குப் போய் அவரிடம் எப்படிச் சொல்வீர்கள்?