சிலிண்டருக்குக் குளிரெடுத்த கதை

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாண வீட்டில் பலகாரம் சுட்டுப் பழக்கப்பட்ட ஆச்சிமார் யாரேனும் இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், முதலில் அவர்களிடம் ஒரு கேள்வி. தை மாதம், விடியற்காலை 4 மணி. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கிறது. தேன்குழல் மாவு பிசைந்தாயிற்று. சிலிண்டர் நேற்றுத்தான் வந்தது, பாதிக்குமேல் அப்படியே இருக்கிறது. ஆனாலும் தீ இறங்கிக்கொண்டே போகிறது. குழாயைத் திருகித் திருகிப் பார்த்தாலும் நீலத் தீ ஏறவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வீர்கள்?

யோசித்து வையுங்கள். நானும் அங்கேதான் வரப்போகிறேன்.

இயற்கை எரிவாயுவால் என்ன நன்மை என்று வானொலியில் பேச வரச் சொன்னார்கள். குஜராத்தில் எரிவாயுக் குழாய் வேலையிலேயே முப்பது வருஷத்தைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். நான் போன காலத்திலேயே வடோதராவில் வீட்டுக்கு வீடு குழாயில் எரிவாயு வந்துகொண்டிருந்தது. லீவுக்கு வந்து இங்கே சொன்னால் எங்கள் ஆத்தா நம்பமாட்டார்கள். "தண்ணியே குழாய்ல வரல, தீ வருதாக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். எங்கள் ஆச்சியின், அதாவது என் அக்காளின், மகளுக்குக் கல்யாணம். மண்டபம் வேண்டாம், வீட்டிலேயே நடத்துவோம் என்று ஆத்தா பிடிவாதம். பின்கட்டில் கொட்டகை போட்டு மூன்று பெரிய அடுப்பு வைத்தோம். 19 கிலோ சிலிண்டர் இரண்டைக் கோத்து மூன்றுக்கும் கொடுத்திருந்தோம். சீர்ப் பலகாரம் என்றால் கொஞ்சமா? மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம் என்று போகும். முதல் அரைமணி நேரம் தீ ஜம்மென்று எரிந்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது.

சமையல்காரருக்குக் கோபம். "அண்ணே, கேஸை உருவிட்டு சிலிண்டரைக் கொடுத்து ஏமாத்திப்புட்டாய்ங்கண்ணே" என்றார். ஆட்டிப் பார்த்தால் கனமாகத்தான் இருக்கிறது. உள்ளே தளும்புகிறது. ஆத்தா குச்சியை ஊன்றிக்கொண்டு வந்தார்கள். அப்போது வயது எண்பதுக்கு மேல். சிலிண்டரின் வயிற்றில் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். "ஏம்ப்பா, இதுக்குக் குளிரெடுக்குதப்பா!"

பார்த்தால் உண்மை. அடியிலிருந்து பாதி உயரம் வரைக்கும் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கிறது. அதற்குமேல் கோடு கிழித்த மாதிரி பனியே இல்லை. நம்ம ஊரில், அடுப்புக்குப் பத்தடி தள்ளி, பனி! எரிவாயு வேலையில் முப்பது வருஷம் இருந்த நான் சமையல்காரரோடு சேர்ந்து சிலிண்டரை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். எண்பது வயது ஆத்தா வந்து நோயைக் கண்டுபிடிக்கிறார்கள்.

நடந்தது இதுதான். சிலிண்டருக்குள் இருப்பது வாயு இல்லை, திரவம். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து, அழுத்தி, திரவமாக அடைத்திருக்கிறார்கள். அது ஆவியானால்தான் அடுப்புக்கு வரும். ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் சிலிண்டரின் உடம்பிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் அது எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? கசிகிற நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. அதே கதைதான். வீட்டு அடுப்பில் ரசம் வைக்கும்போது மெல்ல ஆவியாகிறது, குளிர்வது தெரிவதில்லை. மூன்று கல்யாண அடுப்பு ஒரே நேரத்தில் உறிஞ்சினால் சிலிண்டருக்கு மூச்சு முட்டிப்போகிறது. குளிரக் குளிர ஆவியாவது குறையும், அழுத்தம் குறையும், தீ இறங்கும். உள்ளே கேஸ் இருக்கும், வெளியே வராது.

இந்த இடத்தில் மூன்றே மூன்று எண் சொல்கிறேன், எழுதிக்கொள்ள வேண்டாம், காதில் போட்டுக்கொண்டால் போதும். சாதாரண அழுத்தத்தில் பியூட்டேன் கொதித்து ஆவியாவது ஏறத்தாழ 0 டிகிரியில். புரொப்பேன், மைனஸ் 42. இயற்கை எரிவாயுவில் பெரும்பங்காக இருக்கிற மீத்தேன், மைனஸ் 162. நான் இன்றைக்குப் பேச வந்ததில் முக்கால்வாசி இந்த மூன்றாவது எண்ணுக்குள் இருக்கிறது. மீத்தேன் நம்ம ஊர்க் குளிரில் திரவமாகவே ஆகாது. குழாயில் வாயுவாகவே வருகிறது, வாயுவாகவே எரிகிறது. வீட்டில் அது ஆவியாக வேண்டிய வேலையே இல்லை. அதனால் மாசி, பங்குனி, மார்கழி எல்லாம் அதற்கு ஒன்றுதான், முதல் தேன்குழலும் கடைசித் தேன்குழலும் ஒரே தீயில் வேகும். சுத்தமான எரிபொருள் என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அதைவிட எனக்குப் பெரிய நன்மையாகத் தெரிவது இந்த நிலையான தீ.

என் கேள்விக்குப் பதில் என்ன? அன்றைக்குச் சமையல்காரரின் கையாள் ஓடிப்போய்க் கொதிக்கிற தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டான், சிலிண்டர் மேல் ஊற்ற. பாய்ந்து பிடித்தேன். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ஊரில் பல கொட்டகைகளில் பார்க்கிறேன், கொதிநீர் ஊற்றுகிறார்கள், சட்டியில் வைத்துச் சூடு காட்டுகிறார்கள். அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. செய்ய வேண்டியது, கூடுதலாக இரண்டு சிலிண்டரைச் சேர்த்துச் சுமையைப் பகிர்வது, குளிர்ந்ததைக் கொஞ்ச நேரம் மூடிச் சும்மா விடுவது. மாற்றி மாற்றி ஓட்டினால் தாங்கும்.

இன்னொன்று, வீட்டுச் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியவேண்டுமா? அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது மேலிருந்து கீழ்வரை ஈரத்துணியால் துடையுங்கள். வெறுமையாக உள்ள மேல்பக்கம் சீக்கிரம் காயும். திரவம் இருக்கிற மட்டம்வரை ஈரம் நிற்கும். அன்றைக்குப் பனி போட்ட கோடும் அதே கோடுதான்.

ஆனால் ஆத்தா காத்திருக்கவில்லை. நான் சிலிண்டருக்கு ஆள் அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் பழைய கோட்டை அடுப்பில் சீமைக்கருவேல் விறகை வைத்துப் பற்றவைக்கச் சொல்லிவிட்டார்கள். அடுத்த பத்தாவது நிமிஷம் பின்கட்டு முழுக்கப் புகை. பலகாரம் சுட வந்த ஆச்சிமார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பிழிகிறார்கள். ஒருவர் இருமுகிறார், நிறுத்த முடியவில்லை. அதிரசத்துக்கு விறகுத் தீதான் சரி என்று வாதாடுகிறவர்கள் உண்டு, அவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. வருஷத்துக்கு ஒருநாள் என்றால் சரி. நம் அப்பத்தாக்கள் அதே புகையில் ஆயுசு முழுக்க உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள் விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் எரிக்கிற புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. எங்கள் அப்பத்தாவுக்குக் கடைசிப் பத்து வருஷம் இருந்த இருமலை வீட்டில் எல்லாரும் "வயசு" என்றுதான் சொன்னோம்.

இந்தப் புகையைப் போக்கியதில் சிலிண்டருக்குப் பெரிய பங்கு உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். குழாய் வாயு அதற்கு அடுத்த படி, அவ்வளவுதான்.

குழாயில் வருகிறது என்றதும் கேட்கிற முதல் கேள்வி, "வெடிக்காதா?" என்பது. வீட்டு அடுப்புக்கு வரும்போது அதன் அழுத்தம் 21 மில்லிபார். இதை எப்படிச் சொல்வது? ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் என்ன அழுத்தமோ, அவ்வளவு. சைக்கிள் டியூபில் நீங்கள் அடிக்கிற காற்று இதைப்போல நூறு மடங்குக்கு மேல்.

அடுத்தது கசிவு. இதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்ல வேண்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு. கசிந்தால் தரையோடு தரையாகப் படரும், மூலையில், அடுப்பு மேடைக்கு அடியில் தங்கும். மீத்தேன் காற்றைவிட லேசு, பாதிக்குச் சற்று மேல்தான் எடை. கசிந்தால் மேலே போகும். நம் முன்னோர் கட்டிய வீடுகளில் விட்டத்துக்குப் பக்கத்தில் காற்றுவாங்கி வைத்திருக்கிறார்களே, அது மீத்தேனுக்கென்றே வைத்தது போல இருக்கும். இப்போது கட்டுகிற வீடுகளில் அந்த ஓட்டையை அடைத்துக் கண்ணாடி போட்டுவிடுகிறோம். ஏசி வேண்டும், சரி. ஆனால் குழாய் வாயு வாங்கினால் மேலே ஒரு வழி விடுங்கள். சிலிண்டர் வைத்திருந்தால் கீழே ஒரு வழி. மறுபடி சொல்கிறேன்: சிலிண்டருக்குக் கீழே, குழாய் வாயுவுக்கு மேலே. இரண்டுக்கும் தானாக வாசனை கிடையாது. அந்த நாற்றம் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்த்து நாமே வரவழைத்தது. மூக்கில் பட்டால் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள்.

பழைய அடுப்பிலேயே எரிக்கலாமா என்றால், அப்படியே எரிக்க முடியாது. ஒரே அளவு இடத்தில் மீத்தேனில் உள்ள சூடு சிலிண்டர் வாயுவில் பாதியைவிடக் குறைவு. அதனால் அதிகம் போகவேண்டும், பர்னருக்குள் வாயுவை விடுகிற ஜெட்டின் துளை பெரிதாக வேண்டும். குழாய் கொடுக்கிறவர்களே மாற்றித் தருவார்கள், உங்கள் வீட்டுக் கம்பியை வைத்துத் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: வீட்டு மீட்டர் வழியாக வருகிற வாயு கல்யாண அடுப்புக்குப் போதாது. அதற்குத் தனி இணைப்பு வேண்டும்.

இந்த வாயு எங்கிருந்து வருகிறது? கடலுக்கு அப்பாலிருந்து என்றால் அந்த மைனஸ் 162-க்குக் குளிர்வித்துத் திரவமாக்குவார்கள். 600 லிட்டர் வாயு 1 லிட்டராகச் சுருங்கும். காபி பிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர்த் தொட்டியில் கப்பலேற்றி, கரையில் மறுபடி வாயுவாக்குகிறார்கள். கிழக்குக் கரையில் அப்படி முதலில் வந்தது எண்ணூர் முனையம், 2019-ல். இன்னொரு வழி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ராமநாதபுரம். அங்கே நிலத்தடியிலிருந்து கிடைக்கிற வாயுவை வைத்து வழுதூரில் மின்சாரம் எடுக்கிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் குழாய் 2021 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. தூத்துக்குடி உரத் தொழிற்சாலை நாப்தா என்ற பெட்ரோலிய எண்ணெயை விட்டு எரிவாயுவுக்கு மாறியது அந்த ஆண்டில்தான். யூரியா மூட்டைக்கு மூலப்பொருளே இதுதான். வயலுக்கு யூரியா போடுகிறவர்கள் யோசித்துப் பாருங்கள், உங்கள் வீட்டுக்குக் குழாய் வரும் முன்பே வாயு உங்கள் வயலுக்கு வந்துவிட்டது.

நான் இன்னும் விரிவாகப் பேச நினைத்த பகுதி ஒன்று இருக்கிறது, ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐயா இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷம். ஓடிச் சொல்லிவிடுகிறேன்.

நன்மை மட்டும் பேசிவிட்டுப் போனால் நம் பக்கத்து ஊர் நெடுவாசல் மக்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 2017-ல், நிலத்தடியிலிருந்து எண்ணெயும் வாயுவும் எடுக்கிற ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக அங்கே நடந்த போராட்டம் எல்லாருக்கும் நினைவிருக்கும். விளைநிலமும் நிலத்தடி நீரும் போய்விடும் என்ற பயம் அது. 2020-ல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு பகுதியும் அதில் அடக்கம். வாயு வேண்டும், ஆனால் எந்த நிலத்துக்கு அடியிலிருந்து வேண்டும் என்பது வேறு கேள்வி என்று நான் நினைக்கிறேன். அதை இரண்டு நிமிஷத்தில் பேச முடியாது.

இன்னொன்று, ஒரே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரி வெளியேற்றுகிற கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதிதான் இயற்கை எரிவாயு வெளியேற்றும். ஆனால் எரியாமல் கசிந்துபோன மீத்தேன் முதல் 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் மேல் சூடேற்றும். கசிய விட்டால் அந்தப் பாதி லாபமும் போச்சு. நாட்டுக்குத் தேவையான வாயுவில் ஏறத்தாழ பாதியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம், அங்கே விலை ஏறினால் இங்கேயும் ஏறும்.

ஒரு விரல் காட்டுகிறார். ஒன்றே ஒன்று. சிலிண்டரோ குழாயோ, அடுப்புக்குப் போகிற அந்த ரப்பர் டியூபில் வருஷம் அச்சிட்டிருக்கும். இன்றைக்கு அடுப்படிக்குப் போனதும் குனிந்து பாருங்கள். கெடு முடிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் பார்த்தபோது கெடு முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நன்றி, வணக்கம்.