தோளைப் பாருங்கள், தையலைத் திருப்பிப் பாருங்கள்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், தையல் கற்க ஆர்வத்தோடு வந்திருக்கும் இளையவர்களுக்கும் வணக்கம்.

இந்த மேசையின் மேல் ஒரு முழுக்கைச் சட்டை இருக்கிறது. காலர் மடியும் ஓரம் நைந்து நூல் வெளியே தெரிகிறது. ஒரு பட்டனைக் காணவில்லை. இடது கைப்பட்டியில் மை ஊறியிருக்கிறது. இதை ஓர் உடையாகப் பார்க்கிறவர் ஒதுக்கிவிட்டுப் போவார், அது இயல்புதான். துணியாகப் பார்க்கிறவருக்கோ, பலமுறை துவைபட்டுச் சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடிந்த, கறையோ தேய்வோ இல்லாத பருத்தித் துணி முதுகுப் பக்கம் முழுவதும் விரிந்து கிடப்பது தெரியும். குறைந்த பணத்தில் நன்றாக உடுத்த விரும்புகிறவர் ஊசி பிடிக்கப் பழகுவதற்கு முன்பே இப்படிப் பார்க்கப் பழக வேண்டும் என்பதைச் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

பழைய துணியைப் புதுப்பிப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் கத்தரிக்கோலில் தொடங்குகிறது. பணம் மிச்சமாவதும் வீணாவதும் அதற்கு வெகு முன்பாகவே, வாங்கும் இடத்திலேயே, முடிவாகிவிடுகிறது என்பது பல ஆண்டுகள் தைத்த பிறகு எனக்கு ஏற்பட்ட எண்ணம். மலிவாகக் கிடைத்ததே என்று எடுத்து வந்து, ஒருநாளும் உடுத்தாமல் அலமாரியில் அடுக்கிவைத்த உடைகள்தான் என் வீட்டில் அதிக விலை பிடித்தவை. ஆகவே ஒன்றைக் கையில் எடுக்கும்போதே அதன் விலையோடு பட்டன், நூல், ஜிப், நம்மால் முடியாத வேலைக்குத் தையற்காரருக்குத் தர வேண்டிய கூலி ஆகியவற்றையும் கூட்டிப் பார்ப்பது நல்லது. ஜிப் பழுதான காற்சட்டையை வாங்கி, ஜிப் மாற்றும் கூலி காற்சட்டையின் விலையைத் தாண்டிய பிறகு வருந்துகிறவர்கள் உண்டு.

முதலில் தோளைப் பாருங்கள். தோள்தையல், கைவெட்டு, கையின் மேல்வளைவு, கழுத்து என்னும் நான்கும் அந்தச் சிறிய இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை அரை அங்குலம் நகர்த்தினால் மற்ற மூன்றையும் பிரிக்க வேண்டிவரும். பக்கத்தையலைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது, கையை வெட்டி மடிப்பது, இடுப்பில் டார்ட் போட்டு, அதாவது துணியைக் கூராக மடித்துத் தைத்து, ஒடுக்குவது எல்லாம் புதிதாகக் கற்றவரும் ஒரு மாலையில் செய்யக்கூடியவை. தோள் சரியாக உட்கார்ந்துவிட்டால் மற்றவை நம் வசப்படும். கோட்டு வகைகளில், உள்ளே திண்டும் லைனிங்கும் வைத்துத் தைத்திருப்பதால், தோள் பொருந்தாததை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட்டு வருமாறு நான் வற்புறுத்துவேன்.

பெரியதைச் சிறிதாக்குவது எளிது, சிறியதைப் பெரிதாக்குவது உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உடையைத் திருப்பி, தையலுக்கு வெளியே நிற்கும் துணியை அளந்து பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தையலிலும் முன்துணி, பின்துணி என இரண்டு ஓரங்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு. ஓர் ஓரத்துக்கு அரை சென்டிமீட்டர் விட்டுக்கொடுக்க முடிந்தால் சுற்றளவு 2 சென்டிமீட்டர் கூடும். ஓரம் பிரியாதிருக்க மிஷினில் ஓவர்லாக் அடித்து ஒட்ட நறுக்கிய உடையில் அதற்கும் வழியிருக்காது. துணி இருந்தாலும், வெளிப்புறம் வெளுத்து உட்புறம் பழைய நிறத்திலேயே நின்றிருந்தால், பிரித்த பின் அந்தக் கோடு நிரந்தரமாகத் தெரியும் என்பதையும் அங்கேயே நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்ததாக உடையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முழங்கை, முழங்கால், உட்காரும் இடம், தொடைகள் உரசும் இடம், அக்குள் ஆகியவற்றில் நெசவு மெலிந்திருந்தால் வெளிச்சம் அதைக் காட்டிக்கொடுக்கும். மெலிந்த துணி தையலைத் தாங்காது. அதன் மேல் ஒட்டுப்போட்டால் ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி கிழியும். ஒட்டுத் துணி, ஓட்டையைச் சுற்றியுள்ள மெலிந்த பகுதியையும் கடந்து நல்ல துணியில் போய் நிற்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். இழுபடும் துணியாக இருந்தால் விரலால் இழுத்து விட்டுப் பாருங்கள். திரும்பிச் சுருங்காமல் அலையலையாக நின்றுவிட்டால் உள்ளிருக்கும் எலாஸ்டிக் இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள், அதற்கு மருந்து கிடையாது. அக்குளில் படிந்து இறுகிய மஞ்சள் கறையும் பெரும்பாலும் அப்படித்தான்.

பழைய உடைகளில் பல நேரம் லேபிள் இருக்காது. அப்போது துணி எது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். வாங்கி வந்தபின் உட்தையலுக்கு வெளியே நிற்கும் துணியிலிருந்து (தையல் நூலிலிருந்து அல்ல) இரண்டு மூன்று இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, நெருப்பருகே காட்டுங்கள். பருத்தியும் லினனும் காகிதம் எரியும் மணத்தோடு சட்டென எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றம் அடித்து, நெருப்பை எடுத்ததும் அணைந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரிய துகளை விடும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் பின்வாங்கி, உருகி, ஆறியபின் கல்மணிபோல் இறுகிவிடும். கலப்புத் துணியில் இந்தக் குணங்கள் கலந்து தோன்றும். இது வெறும் ஆர்வத்துக்காகச் செய்யும் சோதனை இல்லை. இஸ்திரிப் பெட்டியை எவ்வளவு சூடாக்கலாம், சாயம் ஏறுமா, வெந்நீர் தாங்குமா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை இதில்தான் இருக்கிறது.

சாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திக்கென்று விற்கும் வீட்டுச் சாயம் பாலியஸ்டரில் ஏறாது. அதற்கு வேறு வகைச் சாயமும் கடும் சூடும் வேண்டும். 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அந்த இழை இன்று துணியில் மட்டுமல்லாமல் தையல் நூலிலும் நிறைந்திருக்கிறது. அதனால் வெளுத்த பருத்திச் சட்டை ஒன்றைக் கருநீலச் சாயத்தில் முக்கி எடுத்தால், துணி நீலமாகி, தையல் மட்டும் பழைய வெள்ளையிலேயே நிற்கக்கூடும். முன்கூட்டித் தெரியாதவருக்கு அது ஏமாற்றம். தெரிந்தவர் அந்த வெள்ளைக் கோடுகளையே அழகாக வைத்து, பட்டனையும் வெள்ளையில் தேர்ந்தெடுப்பார்.

கம்பளியில் நான் கற்ற பாடம் கசப்பானது. நல்ல கம்பளி மேலங்கி ஒன்றைத் தூய்மை செய்யும் அவசரத்தில் வெந்நீரில் போட்டுக் கசக்கினேன். கம்பளி மயிரின் மேல் மீன்செதில்போல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூட்டிலும் உரசலிலும் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணியையே தடித்த பலகைபோல் ஆக்கிவிடும். அதைத் திரும்ப விரிக்க வழியில்லை. மேலங்கி போனது, ஆனால் அப்படி இறுகிய துணியை எங்கே வெட்டினாலும் நூல் பிரியாது என்பதை அன்று கண்டேன். ஓரம் மடிக்காமலே அதிலிருந்து காலணிகளுக்கு உள்தகடுகள் வெட்டினேன், அவை பல குளிர்காலங்கள் உழைத்தன.

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழி, எதைக் கசக்கலாம் என்று தெரிந்தவருக்குச் சொன்னது என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. வெந்நீர் தாங்கும் துணியை 60 டிகிரியில் துவைத்தால் மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் அழியும். தாங்காததைக் காற்றுப் புகாத பையில் இட்டு, மைனஸ் 18 டிகிரி உறைகுளிரில் சில நாள் வைக்கலாம். எதுவானாலும் துவைத்து உலர்த்திய பிறகே அளவெடுங்கள், அளவெடுத்த பிறகே வெட்டுங்கள்.

வெட்டுவது என்றேன். என்னிடம் கற்கிறவர்களுக்கு முதல் மாதம் நான் கத்தரிக்கோலைக் கொடுப்பதில்லை, தையல் பிரிக்கும் சிறு முள்ளைத்தான் கொடுக்கிறேன். பிரித்த துணியை மறுபடி சேர்க்கலாம். வெட்டிய துணி வெட்டியதுதான். பிரிக்கும்போது இன்னொரு லாபமும் உண்டு. கை எப்படி வளைந்திருக்கிறது, நெசவின் நீளவாக்கு இழையான பாவு எந்தத் திசையில் ஓடுகிறது, காலருக்குள் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று, அந்த உடையை முதலில் தைத்தவர் எண்ணியதெல்லாம் நம் கைக்கு விளங்கும். மாற்றம் செய்யும்போதும் முதலில் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டு, உடுத்தி, உட்கார்ந்து, கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மிஷினில் ஏற்ற வேண்டும்.

தையலுக்குத் தமிழில் 'துன்னம்' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. தைக்கிறவரைத் துன்னகாரர் என்றார்கள். 'துன்னுதல்' என்றால் தைத்தல், நெருங்குதல், பொருந்துதல் என்று பல பொருள். பழைய துணியில் வேலை செய்யும்போது இந்தச் சொல் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும், ஏனெனில் அங்கே நாம் செய்வது முழுக்கப் பொருத்தும் வேலை: இன்னொருவர் உடம்புக்காகத் தைத்ததை நம் உடம்புக்கு நெருக்குகிறோம்.

போர்க்காலப் பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் உடைகளுக்குப் பங்கீடு வந்தது. முதலாண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள்தான், அவற்றுக்கு மேல் புதுத்துணி வாங்க முடியாது. 1949 வரை நீடித்த அந்தக் கட்டுப்பாட்டில் வீடுகளில் நடந்த வேலைகளில் ஒன்று, நைந்த காலரைத் திருப்பித் தைப்பது. பெரியவர்களின் கோட்டைப் பிரித்துத் தேயாத பகுதிகளில் குழந்தைகளுக்குக் கோட்டு தைப்பது இன்னொன்று. இரண்டுமே இன்றும் செல்லும். காலர் மேல்பக்கம் நைகிறது, அடிப்பக்கம் புதிதாகவே இருக்கிறது. கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டியிலிருந்து காலரைப் பிரித்து, புரட்டி, மறுபடி அதே இடத்தில் சொருகித் தைத்தால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். அடிப்பக்கம் வேறு துணியாக இருந்தாலோ, காலர் முனையில் குச்சி செருகும் பை இருந்தாலோ, அது மேலே வந்து தெரியும். அப்படியானால் காலரை முழுவதும் எடுத்துவிட்டுப் பட்டியை மட்டும் நிறுத்தலாம், அதுவே ஓர் அழகான கழுத்து.

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். பெரிய அளவு உடையில் துணி நிறைய இருக்கிறது என்பதற்காக, நல்ல நிலையில் உள்ள பெரிய சட்டைகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து வெட்டும் பழக்கம் பரவுகிறது. பருத்த உடம்புள்ள ஒருவருக்கு, அதிலும் கையில் பணம் குறைவாக உள்ளவருக்கு, அளவான உடை கிடைப்பதே அரிது. அவர் அப்படியே உடுத்திப்போகக் கூடியதை நாம் வெட்டுத்துணியாக்குவது எனக்குச் சம்மதமில்லை. வெட்டுவதற்கு, இந்தச் சட்டைபோல் கறைபட்டதையும் கிழிந்ததையும் தேடுங்கள். அவை விலையும் குறைவு, யாருடைய வாய்ப்பையும் பறிக்காதவை.

சரி, இந்தச் சட்டைக்கு வருவோம். காலரின் அடிப்பக்கம் அதே துணிதான், குச்சிப் பையும் இல்லை, ஆகவே புரட்டலாம். மை பட்ட கைப்பட்டியோடு கையை முழங்கைக்கு மேல் வெட்டி மடிப்போம். வெட்டிய கைத்துணியைக் கிராஸாக, இழைக்கு 45 பாகை சாய்வில், நறுக்கினால் வளைவுக்கு இழுபட்டுக் கொடுக்கும் பட்டி கிடைக்கும். கைமடிப்பின் உள்ளோரத்துக்கு அதுவே போதும். காணாமற்போன பட்டனுக்கு வெளியே போக வேண்டாம், வெட்டும் கைப்பட்டியில் உள்ளது சற்றுச் சிறிதாக இருந்தாலும், அதைக் காற்சட்டைக்குள் மறையும் கடைசிக் காஜாவுக்கு நேரே வைத்து, அங்கிருக்கும் பட்டனை மேலே ஏற்றிவிடலாம். முன்வரிசையில் இருப்பவர்களில் இருவர் மேடைக்கு வந்தால் காலரைப் பிரிக்கத் தொடங்குவோம்; பிரிமுள் என்னிடம் இரண்டு இருக்கின்றன.